தலைமடையிலேயே அடைப்பது: ரேபிஸ் வைரஸுக்கு எதிராக ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு ஆய்வு செய்வது எப்படி

மன்னார்குடிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் உயிர்த்தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கிறேன். இறுதியாண்டுப் பிள்ளைகள் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும் சமயத்தில் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, "மேடம், ரேபிஸுக்கு ஆர்.என்.ஏ. குறுக்கீடு செய்து பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளைக் கொண்டு ஒரு மரபணுவின் வேலையை அடக்குவதுதான் ஆர்.என்.ஏ. குறுக்கீடு. உடனே சரி என்று சொல்லிவிடுவேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி, சம்பா அறுவடை நேரத்தில் களத்தில் படுத்திருந்தபோது ஒரு நாய்க்குட்டி கணுக்காலில் பல் பதித்துவிட்டது. பெரிய காயம் இல்லை. இரண்டு புள்ளி. சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்துக் கட்டினார்கள். அந்தக் குட்டி நாலைந்து நாளில் செத்துப் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை, பாட்டி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். மாமா வாங்கி உதட்டருகே கொண்டு போனார். தொண்டை இழுத்துக்கொண்டது. சொம்பு கீழே விழுந்து உருண்டு திண்ணைத் தூணில் முட்டி நின்றது. மின்விசிறிக் காற்று பட்டாலே உடம்பு தூக்கிப் போட்டது. நாலாம் நாள் போய்விட்டார். அந்தச் சொம்பின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் இந்தக் குறிப்பைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கணினியும் சாதாரண ஆய்வுக்கூடமும் மட்டும் உள்ள ஒரு டெல்டா கல்லூரியில் இந்த ஆய்வை எங்கே தொடங்கி எதுவரை கொண்டுபோகலாம் என்பதுதான் விஷயம்.

வேறு எதற்கும் முன்னால்

இந்தத் தலைப்பை எடுத்தால் ஊரில் உங்களிடம் கேள்வி வரும். "நாய் கடித்துவிட்டது, நீ ஏதோ ரேபிஸ் மருந்து படிக்கிறாயாமே" என்று அத்தை போன் செய்வாள். அப்போது சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

காயத்தைக் குழாய்த் தண்ணீரிலோ பம்புசெட் தண்ணீரிலோ சோப்பு போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துக் கழுவச் சொல்லுங்கள். மனக்கணக்கில் கழுவுகிறவர்கள் மூன்று நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். இந்த வைரஸுக்கு வெளியே ஒரு கொழுப்பு உறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள், பச்சிலை எதுவும் வேண்டாம். அப்புறம் நேராக அரசு மருத்துவமனை. தடுப்பூசி அங்கே இலவசம். தோலில் போடும் முறையில், ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களில் 0.1 மி.லி. வீதம், 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். தசையில் போடும் முறை என்றால் 0, 3, 7, 14, 28. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலினும் (தயார் நிலையில் உள்ள எதிர்ப்பொருள்) வேண்டும், அதைக் காயத்தைச் சுற்றியே செலுத்துவார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இன்னும் கிராமங்களில் இருக்கிறது. அந்தப் பழைய தடுப்பூசியை இந்தியாவில் நிறுத்தி இருபது வருடம் ஆகிவிட்டது என்று சொல்லுங்கள்.

ஆர்.என்.ஏ. குறுக்கீட்டில் ரேபிஸுக்கு அங்கீகாரம் பெற்ற மருந்து எதுவும் கிடையாது. தடுப்பூசியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட இந்த ஆய்வு காரணமாகிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு சுமார் 59,000 பேர் ரேபிஸால் சாகிறார்கள், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். ஏறக்குறைய அத்தனை பேரும் நேரத்தோடு தடுப்பூசி போட்டிருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர்கள். நாம் யோசிப்பது தடுப்பூசிக்கான நேரம் தவறிப் போனவர்களுக்காக. என் மாமாவைப் போல.

வைரஸை வாய்க்காலாகப் பார்ப்பது

ரேபிஸ் வைரஸின் மரபுப்பொருள் ஒற்றை இழை ஆர்.என்.ஏ. ஏ, யூ, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளால் ஆனது. சுமார் 12,000 எழுத்துகள், ஐந்தே ஐந்து மரபணுக்கள்: என் (N), பி (P), எம் (M), ஜி (G), எல் (L). இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

செல்லுக்குள் வந்ததும் வைரஸ் தன்னோடு கொண்டு வந்த பாலிமரேஸ் நொதியை வைத்து இந்த ஐந்துக்கும் தூது ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.) நகல்களை எடுக்கிறது. நொதி 'என்' மரபணுவின் பக்கத்திலிருந்துதான் கிளம்பும். ஒவ்வொரு மரபணு எல்லையிலும் கொஞ்சம் கொஞ்சம் நொதி கழன்று விழுந்துவிடும். ஆகவே 'என்' நகல்கள் ஏராளம், பி அதைவிடக் குறைவு, எம் இன்னும் குறைவு, கடைசியில் எல்லுக்குச் சொற்பம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மேட்டூர் திறந்தால் கல்லணைப் பக்கம் தலைமடையில் கரை புரளும், தலைஞாயிறு வேதாரண்யம் போய்ச் சேரும்போது வாய்க்கால் அடியில் ஓடும். வைரஸின் தலைமடை என், கடைமடை எல்.

இப்போது ஆர்.என்.ஏ. குறுக்கீடு. ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998-ல் ஒரு நுண்புழுவில் காட்டிய விஷயம் இது. 2006-ல் நோபல் கிடைத்தது. இரட்டை இழை ஆர்.என்.ஏ. செல்லுக்குள் வந்தால், டைசர் என்ற நொதி அதை 21 எழுத்து அளவுள்ள துண்டுகளாக வெட்டும். அதில் ஓர் இழை, வழிகாட்டி இழை, ஆர்கோநாட் என்ற புரதத்தில் போய் உட்காரும். தனக்குப் பொருந்துகிற தூது ஆர்.என்.ஏ. எங்கே இருந்தாலும் ஒட்டிப் பிடித்துக் குறுக்கே வெட்டிவிடும். 2001-ல் டுஷ்ல் குழுவினர் 21 எழுத்துத் துண்டுகளை நேரடியாகப் பாலூட்டிகளின் செல்லுக்குள் விட்டாலே வேலை செய்கிறது என்று காட்டினார்கள். அந்தத் துண்டுக்குப் பெயர் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. நாம் வடிவமைக்கப் போவது அதைத்தான்.

எங்கே வெட்டுவது? வைரஸின் மூல ஆர்.என்.ஏ.வை வெட்டிவிட்டால் கதை முடிந்தது என்று தோன்றும். முடியாது. மூல இழை முழுவதும் என் புரதத்தால் இறுக்கமாகப் போர்த்தப்பட்டிருக்கிறது. அது உமியோடு இருக்கும் நெல். தூது ஆர்.என்.ஏ.க்கு அந்தப் போர்வை கிடையாது, அது அரிசி. வெட்டும் நொதிக்கு அரிசிதான் கிடைக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு மூல இழைக்கும் உமி வேண்டும். என் புரதம் வராவிட்டால் புது வைரஸ் தயாராக வழியில்லை. அதனால் என் தூது ஆர்.என்.ஏ.வைக் குறிவைப்பது தலைமடையிலேயே அடைப்பது மாதிரி.

எல் மரபணுவைக் குறிவைத்தால் என்ன, நகல்கள் குறைவாக இருப்பதால் அழிப்பது சுலபமாயிற்றே என்று போன வருடம் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. பாலிமரேஸே எல் புரதம்தான், அது இல்லாமல் எதுவும் நடக்காது. ஆனாலும் என்னுடைய யோசனை முதலில் 'என்' மரபணு. நாய், மாடு, மனிதன் என்று நோயறிதலுக்காக உலகம் முழுக்க எடுத்த வரிசைகளில் பெரும்பகுதி என் மரபணுவுடையதுதான். ஒப்பிட்டுப் பார்க்க நம் கையில் தரவு இருப்பது அங்கேதான். எல் மரபணுவை இரண்டாவது இலக்காக வையுங்கள்.

வரிசை எடுப்பது

மரபணு வரிசைகளின் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்கில் என்.சி._001542 என்று தேடினால் பாஸ்டர் வகை ரேபிஸின் முழு வரிசை வரும், 11,932 எழுத்து. அதில் என் மரபணுவின் புரதக் குறியீட்டுப் பகுதி 71-லிருந்து 1423 வரை. இதை அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இலக்கு தேட வேண்டியது நம் நாய்களில் ஓடும் வைரஸில். இந்தியாவில் ஆர்க்டிக் போன்ற கிளை அதிகம் பரவியிருக்கிறது, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இந்தியத் துணைக்கண்டக் கிளை என்று தனியாக ஒன்றும் உண்டு. இரண்டிலிருந்தும் என் வரிசைகளை எடுங்கள். நாயிலிருந்து எடுத்ததா, எந்த மாநிலம், எந்த வருடம் என்று ஒரு அட்டவணையில் குறித்துக்கொள்ளுங்கள். முப்பது நாற்பது வரிசை கிடைத்தால் போதும்.

இங்கே ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. இது எதிர்மறை இழை வைரஸ் (மூல இழை தூது ஆர்.என்.ஏ.வுக்கு எதிரிழையாக இருக்கும் வைரஸ்) என்று பாடத்தில் படித்திருப்பதால், வரிசையைத் தலைகீழாக்கி நிரப்பு எழுத்துப் (ஏ-வுக்கு யூ, ஜி-க்கு சி) போட்டுவிடுகிறார்கள். ஒரு மாணவன் இப்படியே இரண்டு வாரம் வேலை செய்து, தேர்ந்தெடுத்த எட்டுத் துண்டுகளும் தப்பான இழையில் இருந்ததைக் கடைசியில் கண்டுபிடித்தோம். அவன் முகம் வாடிப்போனது. ஜென்பேங்க் வரிசை ஏற்கெனவே தூது ஆர்.என்.ஏ. பக்கம்தான் எழுதப்பட்டிருக்கிறது. 71-ஆம் எழுத்தில் புரதத்தின் தொடக்கக் குறியான ஏ.டி.ஜி. (யூ-வை அங்கே டி என்று எழுதுவார்கள்) தொடங்குகிறதா என்று பாருங்கள். தொடங்கினால் சரி, திருப்ப வேண்டாம்.

எல்லா வரிசைகளையும் மெகா அல்லது மாஃப்ட் மென்பொருளில் போட்டு அடுக்குங்கள். இரண்டும் இலவசம். பிறகு திரையில் பத்தி பத்தியாகப் பாருங்கள். மென்பொருள் தானே சொல்லும், ஆனாலும் ஒரு தடவை கண்ணால் பார்க்கச் சொல்கிறேன். மூன்றெழுத்துக்கு ஒரு எழுத்து ஆடிக்கொண்டே இருக்கும், அது கோடானின் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதியின்) மூன்றாம் இடம். நடுநடுவே இருபது எழுத்துக்கு மேல் அசையாமல் நிற்கும் இடங்கள் வரும். அப்படி ஒரு இடம் கிடைத்தால் நம் நாற்றங்காலுக்குத் தகுந்த மண் கிடைத்த மாதிரி. அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்.

துண்டைத் தேர்ந்தெடுப்பது

1353 எழுத்தில் 21 எழுத்துச் சாளரத்தை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினால் 1333 சாளரங்கள் வரும். வரிசை மாறாத இடங்கள் என்ற சல்லடையில் போட்டாலே பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். மிச்சத்தை எடை போட வேண்டும். கீழே ஒரு கற்பனைத் துண்டு தருகிறேன், எந்த வைரஸின் வரிசையும் இல்லை, எப்படிப் பார்ப்பது என்று காட்டத்தான். 21-ல் ஓரத்தில் இணையாமல் தொங்கும் இரண்டு எழுத்தை விட்டு 19 எழுத்து, தூது ஆர்.என்.ஏ. பக்கம்:

ஜி சி ஏ ஜி ஏ ஏ யூ சி சி யூ ஜி ஏ ஏ சி ஏ ஏ யூ ஏ யூ

விரல் விட்டு எண்ணுங்கள். ஜியும் சியும் சேர்த்து ஏழு. பத்தொன்பதில் ஏழு என்றால் 37 சதவீதம். 30-லிருந்து 52 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றும் விதி, ஆகவே சரி. அடுத்து இரண்டு நுனிகள். இடப்பக்கம் ஜி, சி: இறுக்கமான முடிச்சு. வலப்பக்கம் கடைசி ஐந்து எழுத்தும் ஏ அல்லது யூ: தளர்ந்த முடிச்சு. இரட்டை இழை தளர்ந்த பக்கத்திலிருந்துதான் பிரியும். அந்தப் பக்கம் யாருடைய தொடக்கம் இருக்கிறதோ அந்த இழையை ஆர்கோநாட் எடுத்துக்கொள்ளும். வலது நுனியில் தொடங்குவது எதிரிழை, அதாவது நமக்கு வேண்டிய வழிகாட்டி. அதை எழுதிப் பார்ப்போம்:

ஏ யூ ஏ யூ யூ ஜி யூ யூ சி ஏ ஜி ஜி ஏ யூ யூ சி யூ ஜி சி

நுனிகள் தலைகீழாக இருந்திருந்தால் ஆர்கோநாட் தப்பான இழையை எடுத்திருக்கும், நம் தூது ஆர்.என்.ஏ. அப்படியே தப்பியிருக்கும். இந்த ஒன்றை மட்டும் பிள்ளைகள் புரிந்துகொண்டால் பாதி வடிவமைப்பு முடிந்தது என்பேன். வெட்டு விழுவது வழிகாட்டியின் 10-ஆவது, 11-ஆவது எழுத்துகளுக்கு எதிரே. அந்த நடு இடத்தில் வைரஸ் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டாலும் வெட்டு படாமல் போகலாம். ஆகவே உங்கள் அடுக்கில் நடுப்பகுதி சிறிதும் ஆடாமல் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

ஒரே எழுத்து நான்கு முறை தொடர்ந்து வரும் துண்டுகளை விட்டுவிடுங்கள். யூ ஜி யூ ஜி யூ என்ற தொடர் இருந்தாலும் விட்டுவிடுங்கள், அது செல்லின் அபாய மணியை அடித்து, வைரஸ் எதிர்ப்புப் புரதமான இன்டர்ஃபெரானை வரவழைக்கும். அப்போது வைரஸ் குறைந்தால் எதனால் குறைந்தது என்று தெரியாமல் போய்விடும்.

அப்புறம் பிளாஸ்ட், ஒத்த வரிசைகளைத் தேடித் தரும் மென்பொருள். மனிதன், நாய், சுண்டெலி, மூன்றின் தூது ஆர்.என்.ஏ. தொகுப்பிலும் தேடுங்கள். குறைந்தது இரண்டு மூன்று எழுத்தாவது பொருந்தாமல் இருக்க வேண்டும். வழிகாட்டியின் 2 முதல் 8 வரையான எழுத்துகள் விதைப்பகுதி. அது மட்டும் பொருந்தினாலே வேறு மரபணுக்கள் அடங்கிப்போகும் வாய்ப்பு உண்டு. நாயை ஏன் சேர்க்கிறோம் என்று கேட்பார்கள். மனிதனுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாயிடமிருந்து வருகிறது. நாளைக்கு இந்த வேலை நாய்ப் பக்கம் போனாலும் போகும்.

கடைசியில் என் மரபணுவில் மூன்று, பியில் ஒன்று, எல்லில் ஒன்று என ஐந்து துண்டுகள் கையில் இருந்தால் நல்ல அறுவடை. ஒன்றோடு நிறுத்தாதீர்கள். ஆர்.என்.ஏ. வைரஸின் பாலிமரேஸ் பிழை திருத்தாது, எழுத்துகள் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு மடையை மட்டும் அடைத்தால் தண்ணீர் பக்கத்துக் கரையை அரித்துக்கொண்டு போகிற மாதிரி, வைரஸும் மாறித் தப்பும். தாய்லாந்து ஆய்வாளர்கள் 2009-ல் ஒரே கட்டமைப்பில் பல செயற்கை மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைச் சேர்த்து ரேபிஸைத் தடுத்துப் பார்த்ததும் இந்த வழியில்தான். நம் நாட்டில் இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் அடினோவைரஸில் ஏற்றி அனுப்பி, செல்களிலும் சுண்டெலிகளிலும் சோதித்திருக்கிறார்கள்.

ஆய்வுக்கூடத்தில், உயிருள்ள வைரஸ் இல்லாமல்

இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். நம் கல்லூரிக் கூடத்துக்குள் ரேபிஸ் வைரஸ் வரக்கூடாது. ஆய்வுக்கென்று பழக்கப்படுத்திய சி.வி.எஸ். வகையாக இருந்தாலும் வரக்கூடாது. செத்த நாயின் மூளை கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினாலும் கிட்டே போகாதீர்கள். அந்த வேலைக்குத் தகுந்த பாதுகாப்பு வசதி உள்ள நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே வேலை செய்கிறவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டு, ரத்தத்தில் எதிர்ப்பொருள் மி.லி.க்கு 0.5 அலகுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வார்கள்.

நமக்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. என் மரபணுவின் இலக்குப் பகுதியை மட்டும் செயற்கையாக வரவழைத்து, மின்மினிப் பூச்சியின் ஒளி நொதி மரபணுவோடு ஒட்டி ஒரு பிளாஸ்மிடில் (மரபணுவைச் சுமக்கும் சிறு டி.என்.ஏ. வளையம்) வைப்பது. அதையும் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.வையும் சேர்த்து, ஆய்வகத்தில் வளர்க்கும் பி.எச்.கே.-21 செல்லுக்குள்ளோ எச்.இ.கே.-293 செல்லுக்குள்ளோ விடுங்கள். துண்டு வேலை செய்தால் ஒளி மங்கும். 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் அளந்து பாருங்கள். 10 முதல் 50 நானோமோலார் வரை மூன்று அளவுகளில் போடுங்கள். குறைந்த அளவிலேயே மங்கும் துண்டுதான் நல்ல துண்டு. அதிக அளவில் எந்தத் துண்டும் ஏதாவது செய்யும், அதை நம்பாதீர்கள்.

ஒப்பீடு இல்லாமல் வரும் ப்ராஜெக்ட்டை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். எழுத்துகளைக் கலைத்துப் போட்ட துண்டு ஒன்று, நடுவில் இரண்டு எழுத்து மாற்றிய துண்டு ஒன்று, செல் வளர்க்கும் தட்டில் எதுவுமே போடாத குழி ஒன்று. நடு எழுத்து மாற்றியும் ஒளி மங்கினால், அது வெட்டியதால் மங்கவில்லை, செல் வேறு காரணத்தால் சோர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இன்டர்ஃபெரான் சந்தேகம் வந்தால், ஆய்வகத்தில் வளர்க்கும் குரங்குச் செல்லான வெரோ செல்லில் திரும்பச் செய்யுங்கள். அந்தச் செல்லில் முதல் வகை இன்டர்ஃபெரான் மரபணுக்களே கிடையாது. அங்கேயும் மங்கினால் அது அந்த இன்டர்ஃபெரானால் வந்ததில்லை என்று துணிந்து எழுதலாம்.

ஆர்.என்.ஏ. மிக நொய்யது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வைக் கை பட்டாலே போச்சு, தோலிலேயே ஆர்.என்.ஏ.வை அழிக்கும் நொதி இருக்கிறது. கையுறையைப் போட்டுக்கொண்டு போனைத் தொட்டால் கையுறையை மாற்றுங்கள். ஏப்ரல் மே மாதத்தில் வேலையைக் காலை எட்டு மணிக்குள் தொடங்கச் சொல்வேன். பத்து மணிக்கு மேல் ஏ.சி. ஒரு பக்கம் ஓடினாலும் கையுறைக்குள் தண்ணீர் சேர்ந்துவிடும்.

கஜா புயல் 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கரையைக் கடந்தது. எங்கள் பகுதியில் தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. நான் அப்போது ஆறு டியூப் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.வையும் தண்ணீரில் கரைத்து மைனஸ் 20-ல் வைத்திருந்தேன். பதினோரு நாள் கரண்ட் இல்லை. ஃப்ரீசரைத் திறந்தபோது கெட்ட வாடை வந்தது, டியூப்கள் ஈரத்தில் மிதந்தன, எழுதிய மை கரைந்து எது எந்தத் துண்டு என்றே தெரியவில்லை. எட்டு மாத வேலை அது. அன்றிலிருந்து ஒரு பழக்கம். நிறுவனத்திலிருந்து உலர்ந்த தூளாக வரும் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.வை முழுவதும் கரைக்க வேண்டாம். உலர்ந்த நிலையில் அறை வெப்பத்திலேயே சில வாரம் தாங்கும். அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கரைத்து, சிறு சிறு பங்காகப் பிரித்து வையுங்கள். பெயரை மையால் எழுதாமல் பென்சிலால் எழுதி மேலே டேப் ஒட்டுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்னால் ஃப்ரீசரில் என்ன இருக்கிறது என்ற பட்டியலை ஒரு காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

மூளைக்குப் போவது

இதுவரை சொன்னது தட்டில் இருக்கும் செல்லுக்கு. மனிதனுக்குள் போவதுதான் மலை. கடித்த இடத்தில் தசைக்குள் நுழைந்த வைரஸ் நரம்பு நுனியைப் பிடித்து, நரம்பின் உட்புறமாகவே மேலேறித் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் போகிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் சத்தமே இருக்காது. தண்ணீரைக் கண்டு தொண்டை இழுக்கும் நாளில் வைரஸ் மூளை முழுக்கப் பரவியிருக்கும். ரத்தத்தில் ஊசி போட்டால் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. மூளைக்குப் போகாது, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இறுக்கமான தடுப்பு இருக்கிறது. 2018-ல் அங்கீகாரம் பெற்ற முதல் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. மருந்து பாட்டிசிரான் போய்ச் சேருவது கல்லீரலுக்கு.

2007-ல் வந்த ஒரு ஆய்வை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்கிறேன். ரேபிஸ் வைரஸின் ஜி புரதம்தான் நரம்புச் செல்லின் பூட்டைத் திறக்கும் சாவி. பிரீத்தி குமார் உள்ளிட்ட குழுவினர் அந்தப் புரதத்திலிருந்து 29 அமினோ அமிலம் உள்ள ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்தார்கள். அதன் வாலில் ஒன்பது ஆர்ஜினின் அமிலங்களைக் கோத்தார்கள். ஆர்ஜினினுக்கு நேர்மின்சுமை, ஆர்.என்.ஏ.வுக்கு எதிர்மின்சுமை, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சுண்டெலியின் ரத்தத்தில் செலுத்தியபோது அது எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.வைச் சுமந்துகொண்டு மூளைக்குள் போனது. அவர்கள் காப்பாற்றிக் காட்டியது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வந்த எலிகளை. நம் நடவு வயல் தண்ணீரில் பெருகும் கொசு பரப்புகிற அதே காய்ச்சல். முதல் தடவை படித்தபோது இரவு தூங்கவில்லை. மாமாவின் மூளைக்குள் போன அதே சாவி, மருந்தைக் கொண்டுபோகவும் உதவும் என்று யாரோ காட்டிவிட்டார்கள்.

ஆனால் எலிக்கும் மனிதனுக்கும் நடுவே தூரம் அதிகம். மூளை முழுதும் போய்ச் சேர வேண்டும், வைரஸ் பெருகுவதைவிட வேகமாகச் சேர வேண்டும், ஏற்கெனவே கெட்டுப்போன நரம்பு வேலையைத் திரும்பக் கொண்டு வர வேண்டும். எனக்கு அதிக நம்பிக்கை தருவது மூளைக்கு முந்திய கட்டம். கடித்த இடத்தில், தசையில், வைரஸ் நரம்புக்குள் நுழையும் முன்போ நுழையும்போதோ, தடுப்பூசியோடும் இம்யூனோகுளோபுலினோடும் சேர்த்து வேலை செய்கிற ஒரு மூன்றாவது காவலாக இது வரலாம். இது என் கருத்து. உங்கள் அறிக்கையில் எழுதுவதானால் கருத்து என்றே எழுதுங்கள்.

ஆகவே திட்டத்தில் கடைசிக் கட்டமாக ஒன்று வையுங்கள்: துண்டை முன்கூட்டியே செல்லுக்குள் விட்டு அப்புறம் இலக்கை விடுவது, இலக்கை விட்டு ஆறு மணி நேரம் கழித்துத் துண்டை விடுவது, இரண்டையும் ஒப்பிடுவது. மனிதன் மருத்துவமனைக்கு வருவது எப்போதும் இரண்டாவது மாதிரிதான். முன்கூட்டிப் போட்டதில் கிடைத்த நல்ல எண்ணை மட்டும் காட்டி நிறுத்துவது சரியில்லை.

எழுதுவது

தலைப்பில் "மருந்து" என்ற சொல் வேண்டாம். "ரேபிஸ் வைரஸின் என் மரபணுத் தூது ஆர்.என்.ஏ.வுக்கு எதிரான எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. வடிவமைப்பும் ஒளி நொதி வழிச் சோதனையும்" என்று இருக்கட்டும், நீளமானாலும் பரவாயில்லை. ஐந்து துண்டில் மூன்று வேலை செய்யவில்லை என்றால் அந்த மூன்றின் வரிசையையும் அட்டவணையில் போடுங்கள். கணினி நல்ல மதிப்பெண் கொடுத்த துண்டு தட்டில் சும்மா இருப்பது அடிக்கடி நடக்கிறது. தூது ஆர்.என்.ஏ. அந்த இடத்தில் மடிந்து சுருண்டு கிடந்தால் நம் துண்டு எட்டாது. ஏன் வேலை செய்யவில்லை என்று ஊகம் எழுத ஒரு பத்தி ஒதுக்குங்கள், அந்தப் பத்தியைத்தான் நான் முதலில் படிப்பேன்.

வரிசை அட்டவணை, அடுக்குக் கோப்பு, தள்ளிவிட்ட துண்டுகளின் பட்டியல், மூன்றையும் ஒரு பென் டிரைவில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். என் மேசை இழுப்பறையில் இதுவரை நான்கு பேருடையது இருக்கிறது. இந்த டிசம்பரில் வருகிறவர் 1333-லிருந்து தொடங்க வேண்டாம், மிச்சம் இருக்கும் 26 சாளரங்களிலிருந்து தொடங்கலாம்.